இரண்டாம் பக்கத்தின் மூன்று நிமிடம்

மகள் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது என் மனைவி மாடியறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். ஒறம்பரை சனம் வந்தால் தங்க இடம் வேண்டும், வெள்ளையடிக்க ஆள் வரப்போகிறார்கள், அங்கே அடுக்கி வைத்திருக்கும் ரெக்கார்டுகளுக்கு ஒரு வழி பண்ணுங்கள் என்றாள். ஒரு வழி என்றால் விற்பது. வாலிபத்திலிருந்து நான் சேர்த்த ராக் இசைத்தட்டுகளைப் பற்றி அவளுக்கு இருப்பது ஒரே கருத்து. தூசி.

“ஏனுங்க, அதையெல்லாங் கேட்டு எத்தன வருசமாச்சு, சொல்லுங்க பாக்கலாம்?”

எனக்குப் பதில் சரியாகத் தெரியும். பதினொரு வருஷம். ஆனால் சொல்லவில்லை. “ஆச்சு, கொஞ்ச நாள்” என்று முனகிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

பெங்களூரில் பழைய ரெக்கார்டு வாங்கி விற்கிற ஒருவரைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். அவர் போனிலேயே வேலை கொடுத்துவிட்டார். ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும், எங்கே கீறல், எங்கே பொரிகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டெஸ்ட் ரிப்போர்ட் எழுதுவதென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். தினமும் காலையில் குளித்துவிட்டு, ஸ்கூலுக்குப் போகிற மாதிரி மாடியேறினேன். கறுப்புத் தட்டுகளுக்கு மார்க் போட்டுக்கொண்டு நாலு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் பெங்களூர்க்காரர் கூப்பிட்டார். நான் அனுப்பிய பட்டியலில் ஒரு ஆல்பத்தைப் பார்த்துவிட்டுக் குரலே மாறியிருந்தது.

“சார், அந்த டபுள் ஆல்பம் முழுசா இருக்கா?”

“பாதி இருக்கு.”

“பாதின்னா?”

பாதி என்றால் பாதிதான். அதை அவருக்கு விளக்கச் சங்கடமாக இருந்தது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வெள்ளகோவில் பக்கம். நானும் அண்ணனும் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தோம். எனக்கு நாலு வருஷம் மூத்தவர். ராக் பைத்தியத்தை முதலில் பிடித்தவர் அவர், எனக்கு ஒட்டவைத்தவரும் அவரே. ரெக்கார்டுகளைச் சேர்ந்தே வாங்கினோம், எது யாருடையது என்று அப்போது யோசித்ததில்லை. அப்பா தவறிய மறுவருஷம் பாகம் பிரித்தோம். நிலம், எண்ணெய் மில், வீடு. கிணறு மட்டும் பொது, ஆளுக்கு நாலு நாள் முறைத் தண்ணீர். எல்லாம் முடிந்தபிறகு ரெக்கார்டுகள் மிஞ்சின. எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்தவர் இரண்டு பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பங்கு வைக்கிறவர் ஏமாற்ற மாட்டார். என் அண்ணன் எந்த வழக்கமும் இல்லாமலேயே ஏமாற்றாதவர். நியாயத்தில் அவருக்கு இருந்த பிடிவாதம் சில சமயம் ஆளை அழவைத்துவிடும். இரண்டு குவியல் வைத்துக்கொண்டே வந்தவர், கடைசியாக அந்த டபுள் ஆல்பத்தைக் கையில் எடுத்தார். உள்ளே இரண்டு தட்டு. ஒன்றை இந்தக் குவியலில் வைத்தார், ஒன்றை அந்தக் குவியலில் வைத்தார். அட்டை புத்தகம் மாதிரி விரிகிற அட்டை. ஸ்டீல் ஸ்கேலை மடிப்பில் வைத்து, பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டி, ஆளுக்குப் பாதி போட்டார். சாட்சிக்கு உட்கார்ந்திருந்த மாமன்மார் யாரும் சிரிக்கவில்லை. “அதானுங்க முறை” என்றார்கள். எனக்கும் அன்று அது சரியாகத்தான் பட்டது.

பெங்களூர்க்காரரிடமும் எப்படியோ சொல்லி முடித்தேன். “வெட்டிட்டீங்களா சார்?” என்றார். துக்கம் விசாரிக்கிற குரல். அட்டை போனால் போகட்டும், மற்றப் பாதித் தட்டைக் கொண்டுவந்தால் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன், அது இல்லாவிட்டால் இந்த அரை செட் யாருக்கும் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த தட்டில் இருப்பது இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும். அதற்கும் காரணம் உண்டு. நாலைந்து தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே விழுந்து ஓடுகிற பிளேயர்கள் அப்போது இருந்தன. அதற்குத் தோதாக ஒரு தட்டில் ஒன்றும் நான்கும், மற்றதில் இரண்டும் மூன்றும் பதிப்பார்கள். ஆக, தொடக்கமும் முடிவும் அண்ணனிடம், நடு மட்டும் என்னிடம். பாகத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் அண்ணன் அதை வாங்கி வந்திருந்தார். ஒரே ஒரு முறை ஓட்டினோம். வீட்டில் அன்று அளவுகாரரும் மாமன்மாருமாக ஒரே கூச்சல், பாட்டை யார் கேட்டது?

பிறகு என் பாதியை எத்தனையோ முறை கேட்டேன். அதைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் ஆரம்பித்தேன். மாதம் ஒருமுறை நண்பர்கள் வீட்டில் கூடி ரெக்கார்டு கேட்போம். அங்கே யாராவது அந்த ஆல்பத்தின் பெயரை எடுத்தால் நான் விடமாட்டேன். இங்கிலாந்தில் ஏதோ சின்ன ஊர்க் குழு, நாலு பேருக்கும் கோபம் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், சத்தம்தான் சரக்கு என்பேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் எல்லாச் சத்தமும் பட்டென்று நின்றுவிடும். மூன்று நிமிடம். பேஸ் கிட்டாரில் ஒற்றைத் தந்தி எப்போதாவது அதிரும். யாரோ இருமுவது, நாற்காலி நகர்வது எல்லாம் கேட்கும். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் டிரம்ஸ் வந்து அறையும். “நடுவுல டீ குடிக்கப் போயிட்டாங்க” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பேன்.

போன் வந்த அன்று பெங்களூர்க்காரருக்காக அந்தப் பக்கத்தை ஓட்டினேன். டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூன்று நிமிடம் நெருங்கியதும் முள்ளைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தேன். ரிப்போர்ட்டில் ‘இரண்டாம் பக்கம், நடுவில் சோதிக்கவில்லை’ என்று எழுத முடியுமா? மறுபடி பின்னால் வைத்தேன். மறுபடி தூக்கினேன். அறுபத்திரண்டு வயது ஆள் ஒரு தட்டுக்குப் பயந்து நிற்கிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கோவை ஆர்.எஸ்.புரத்தில் இதே வீடு, இதே மாடியறை. மனைவியும் மகளும் தையல்காரரிடம் போயிருந்தார்கள். நான் இந்தத் தட்டை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார், வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. அந்தப் பக்கத்திலிருந்து நங்கையா இறங்கினார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். பட்டுச் சேலை, கையில் தாம்பூலத் தட்டு. அவர்கள் மகனுக்குக் கல்யாணம் என்று எனக்குத் தெரியும். பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள்.

அப்போது எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது. என் காட்டுக்குப் போகிற வண்டித்தடத்தின் ஓரமாக அண்ணன் வேலி போட்டதில் எனக்கு ஒரு கோபம். ஒரு முழம் உள்ளே வந்துவிட்டார் என்று நான் சொன்னேன், அளந்துதான் போட்டேன் என்று அவர் சொன்னார். அளந்துதான் போட்டிருப்பார், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வருகிறவர் கொஞ்சம் நிற்கட்டும் என்று தோன்றியது. அவர்கள் வாசற்படி ஏறவும் டிரம்ஸ் நின்றது. வீடே கம்மென்று ஆனது. அந்த அமைதியில் பெல் அடித்தது. எங்கள் வீட்டில் குருவிச் சத்தம் போடுகிற காலிங் பெல். ஒரு முறை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. பிறகு மூன்றாவது முறை. நாலாவது தடவை அடிக்கட்டும், போய்த் திறக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நாலாவது தடவை அடிக்கவில்லை. டிரம்ஸ் வந்து அறைந்தது. ஓடிக் கீழே வந்தேன், கதவைத் திறந்தேன். கேட்டைக் கொக்கி மாட்டிச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

நாலு நாள் கழித்துப் பத்திரிகை தபாலில் வந்தது. நான் கத்தினேன் பாருங்கள். கூடப் பிறந்தவனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்புகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை, என் மனைவியையும் போகவிடவில்லை. அண்ணன் சொன்னது சொந்தக்காரர்கள் வழியாக வந்து சேர்ந்தது. “நாங்க வாசப்படி ஏறுனதும் பாட்டக் கொறச்சான். ஆருன்னு பாத்துட்டு மறுக்காச் சத்தமா வெச்சுக்கிட்டான். அதுக்கு மேல அங்க நிக்கறதுக்கு நாங்க என்ன பிச்சைக்காரங்களா?” நான் சொன்னதும் அதே வழியாகப் போனது. “பாட்டு அலறிட்டிருந்துச்சு. பெல் அடிச்சது எனக்குக் கேக்கவே இல்ல.” என் மனைவியிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் நம்பினாள். பதினொரு வருஷமாக எனக்காக அதையே எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.

நான் பாட்டைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. தட்டே அப்படித்தான். அந்த வகையில் அண்ணன் என்னைப் பற்றி நினைத்தது தப்பு. ஆனால் பாட்டு அலறிக்கொண்டிருந்தது என்று நான் சொன்னது பச்சைப் பொய். இரண்டுக்கும் அத்தாட்சி அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நல்லவேளையாக அது என் பங்குக்கு வந்துவிட்டது, அவர் அதைக் கேட்க வழியே இல்லை என்று இருந்தேன்.

பெங்களூர்க்காரர் சொன்னதை மனைவியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து நாளாயிற்று.

“சாமியாப் பாத்து ஒரு சாக்குக் குடுத்திருக்குதுங்க. அந்தத் தட்டயும் எடுத்துக்குவோம், பத்திரிகையும் எடுத்துக்குவோம். ஜோடியாப் போய் வெச்சுப்போட்டு வந்தரலாம்.”

அவளுக்கு இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. இந்த வாசலில் முகூர்த்தக்கால் நடும்போது பெரியவர் என்று முன்னால் நிற்க எங்களுக்கு அண்ணனை விட்டால் ஆளில்லை. மகளும் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள், பெரியப்பா இல்லாமல் எனக்கென்ன கல்யாணம் என்று. சின்ன வயசில் லீவுக்குப் போனால் அவர் தோளிலிருந்து இறங்காத பிள்ளை. அண்ணன் வருவாரா, மாட்டாரா என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கவலை. எனக்கு மட்டும் அதற்குமேல் ஒரு கவலை இருந்தது.

“தட்டு எதுக்கு? பத்திரிகை மட்டும் கொண்டுட்டுப் போவோம்” என்றேன்.

“வெறும் பத்திரிகையக் கொண்டுட்டுப் போனா வாங்கி டேபிள் மேல போட்டுட்டு அனுப்பிச்சுருவாங்க. தட்டக் கொண்டுட்டுப் போனா உக்காரச் சொல்லுவாங்க. உங்க அண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?”

போன் செய்தேன். மூன்று முறை பாதி எண்ணைப் போட்டுப் போட்டு நிறுத்தி, நாலாவது முறைதான் முழுதாகப் போட்டேன். அண்ணனே எடுத்தார். என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. “சொல்லுங்க” என்றார், நான் பெங்களூர்க்காரரிடம் பேசுவது மாதிரி. மகள் கல்யாணம் என்றேன். கேள்விப்பட்டதாகச் சொன்னார். பிறகு அந்த டபுள் ஆல்பத்தைப் பற்றி ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவரே பேசினார்.

“அத ஒருக்கா முழுசாக் கேக்கோணும்னு நெனச்சுட்டே இருக்கறேன். நல்லா அமைதியான தட்டு. நடுவுல என்னதான் இருக்குதுன்னு தெரியாமப் போச்சு. கொண்டாங்க. இங்க மிசின் நல்லா ஓடுது.”

வைத்துவிட்டார். நல்லா அமைதியான தட்டாம். முப்பது வருஷமாக நான் சண்டை ஆல்பம் என்று சொல்லிவந்ததை அவர் அமைதியான ஆல்பம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் அந்த மூன்று நிமிடம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தாலே தெரியும், சத்தமில்லாத இடத்தில் கோடுகள் நெருக்கமாகப் பளபளவென்று இருக்கும். அங்கே குறுக்காக ஒரு கீறல் போட்டால் முள் துள்ளி அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். மனைவியின் சேலை ஊக்கை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு தட்டைக்கூட நான் கெடுத்ததில்லை. கீழேயிருந்து அவள் கூப்பிட்டாள். ஊக்கைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காரில் பல்லடம், காங்கேயம் என்று ஊருக்குப் போகும்போது தட்டை அவள் மடியில் வைத்திருந்தாள். வெயில் பட்டால் வளைந்துவிடும் என்று எப்போதோ நான் சொன்னதை ஞாபகம் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். ஒரு மேகம்கூட இல்லாத நாள். வளையட்டுமே என்று நான் நினைத்துக்கொண்டு ஓட்டினேன். வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்தாள். முதலில் நங்கையாவிடம் பேச வேண்டும், தடத்தைப் பற்றி நான் வாயே திறக்கக் கூடாது, பெல் விஷயம் வந்தால் அவளே பேசிக்கொள்வாள். “உங்களுக்குத்தான் கேக்கலையே, நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள். கியர் மாற்றுவது மாதிரிக் குனிந்துகொண்டேன்.

நங்கையா வாசலுக்கே வந்துவிட்டார். “வாங்க, வாங்கம்மணி” என்று என் மனைவியின் கையைப் பிடித்தார். என்னையும் வாங்க என்றார். அண்ணன் உள்ளே கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது, சட்டை தோளில் தொங்கியது. இப்படி இளைத்துப்போவார் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பழைய பிளேயரைத் துடைத்து மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய பாதி அட்டை.

காபி வந்தது. மனைவி பத்திரிகைத் தட்டை எடுக்கப் போனாள். அண்ணன் கையைக் காட்டினார். “இருங்கம்மணி. மொதல்ல பாட்டக் கேப்போம்.”

இரண்டு தட்டையும் அடுக்கி வைத்தார். முதல் தட்டு விழுந்தது. ஒன்றாம் பக்கம்.

ஒரு ஆர்கன் மெட்டோடு ஆரம்பித்தது. சின்ன மெட்டு, ஏழெட்டு ஸ்வரம் இருக்கும். அதையே கிட்டாரில் வாசித்தார்கள், பாடினார்கள், சீட்டியடித்தார்கள். திரும்பத் திரும்ப வந்தும் அலுக்கவில்லை. பக்கம் முடிவதற்குள் என் கால் அதைத் தாளம் போட ஆரம்பித்திருந்தது. அண்ணன் கண்ணை மூடியிருந்தார். சண்டையே இல்லை. நான் கூட்டம் கூட்டி ஏசிய ஆல்பமா இது என்று இருந்தது. பயத்துக்கு நடுவிலும் அது எனக்கு உறைத்தது, பாதியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் தட்டு மேலே விழுந்தது. டிரம்ஸ். அண்ணன் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, பிளேயரைப் பார்த்தார். நங்கையாவுக்கும் தெரிந்துவிட்டது, சமையற்கட்டுக்குப் போகக் கிளம்பியவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அன்று வாசலில் நின்று கேட்ட பாட்டு இதுதானே. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன், காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் நின்றது.

மின்விசிறி சுற்றுவது கேட்டது. ஒற்றைத் தந்தி அதிர்ந்தது. யாரோ இருமினார்கள். அந்த மூன்று நிமிடத்தைப் பதினொரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நான் தாண்டாமல் கேட்டேன். அது சும்மா இல்லை. ஒன்றாம் பக்கத்தின் மெட்டு எனக்குள் தானாக ஓடியது. அதை நமக்கு நன்றாகப் பழக்கிவிட்டு, இங்கே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். தந்தி அந்த மெட்டின் முதல் ஸ்வரத்தை மட்டும் தொட்டுத் தொட்டு விட்டது, மீதியைக் கேட்கிறவன் பார்த்துக்கொள்ள வேண்டும். டீ குடிக்கப் போனவர்கள் இல்லை. நல்ல ஆல்பம். ரொம்ப நல்ல ஆல்பம். கடைசிப் பதினொரு வருஷம் அதை விடாமல் ஏசியது அந்த மூன்று நிமிடத்தை மறுபடி கேட்கப் பயந்ததால்தான் என்று எனக்கு அந்தக் கூடத்தில் விளங்கியது.

அண்ணன் எழுந்து பிளேயரின் பக்கத்தில் போனார். சத்தம் வைக்கிற திருகைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை. டிரம்ஸ் வந்து அறைந்தது. முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தார். என் பக்கம் திரும்பியபோது அவர் முகம் கலங்கியிருந்தது.

“அப்ப நீ கொறைக்கலையாடா? தட்டே இப்படித்தானா?”

“தட்டே அப்படித்தானுங்கண்ணா.”

“நாந்தான் அன்னைக்கே சொன்னேனுங்க” என்றார் நங்கையா. “தம்பி அப்படிச் செய்யமாட்டாங்கன்னு. கேட்டாத்தான?”

என் மனைவி அழுதுவிட்டாள். அண்ணன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “பதினொரு வருசம்டா. ஒரு தட்டுப் பண்ணுன வேலைய நீ பண்ணுனேன்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.” மனைவி இதுதான் சமயமென்று பத்திரிகைத் தட்டை எடுத்தாள். அண்ணனும் நங்கையாவும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். முகூர்த்தக்காலுக்கு முதல் நாளே வந்து தங்கிவிடுகிறோம், பிள்ளையிடம் சொல்லுங்கள் என்றார் அண்ணன். வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. ஒரு படி மேலே யோசிக்கிற என் அண்ணன் அன்று யோசிக்கவில்லை. சந்தோஷம் அவரை யோசிக்கவிடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அவர் வந்து என் கையைப் பிடித்தார். “மனசுல வெச்சுக்காதடா” என்றார். மூத்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணா, பெல் கேட்டுச்சுங்க.”

“என்ன?”

“பாட்டு நின்னப்ப. பெல் அடிச்சது எனக்குக் கேட்டுச்சுங்க.”

கையை அவர் உடனே விடவில்லை. புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவளை என்னால் பார்க்க முடியவில்லை.

“எத்தன தடவ கேட்டுச்சு?”

“மூணு தடவையுங்க.”

தலையை ஆட்டினார், கணக்குச் சரிதான் என்பது மாதிரி. “ஜன்னல்ல பாத்தயா?”

“பாத்தேனுங்க.”

“இவ பத்திரிகைத் தட்ட வெச்சுட்டு வெயில்ல நின்னத?”

“பாத்தேனுங்க.”

“பாத்துப்போட்டுப் பேசாமப் பொட்டாட்ட உக்கோந்திருந்தயா?”

நாலாவது தடவைக்குக் காத்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. சொல்லவில்லை. அவர் கை தளர்ந்து என் கையிலிருந்து விலகியது. நங்கையா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் டம்ளரில் பாதி காபி இருந்தது.

மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் ஓடவில்லை. அண்ணன் இரண்டு தட்டையும் எடுத்தார். தூசி படாமல் ஓரத்தைப் பிடித்து, அதனதன் உறையில் போட்டு, வெட்டிய இரண்டு அட்டையையும் சேர்த்து வைத்து என் மனைவியிடம் நீட்டினார். “வித்துக்கட்டும். எனக்கு வேண்டா.” பத்திரிகைத் தட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. சாமி படத்தின் கீழே கொண்டுபோய் வைத்தார்.

நாங்கள் புறப்பட்டோம். அவர் வாசல்வரைக்கும் வந்தார். கார்க் கதவைத் திறந்த என் மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“அம்மணி, கல்யாணத்துக்கு வாரோம். புள்ளைக்குப் பெரியப்பன் செய்ய வேண்டியது அத்தனையும் முன்னால நின்னு செய்வேன். நேரா மண்டபத்துக்கு வந்தர்றோம். ஊட்டுக்கு மட்டும் வரச்சொல்லாதீங்க.”

“முகூர்த்தக்காலுக்குங்க மாமா?” என்றாள் அவள்.

“அந்த வாசல்ல இன்னொருக்கா நிக்க என்னால ஆகாதுங்கம்மணி. வேற ஆரையாச்சும் வெச்சு நட்டுக்கச் சொல்லுங்க.”

நட்டுக்கொள்ளச் சொன்னது என்னைத்தான். அவரிடமிருந்து இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.